ஸ்டேஷன் பெயரெல்லாம் ஒப்பிக்கிறான், கொப்பியில் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறான்: தரம் 5 மகனுக்கு என்ன செய்வது?

லிந்துலை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் பத்து வயது, தரம் 5. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன், அவர் கொழும்பில் கடையொன்றில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் நானும் பிள்ளையும் அவனுடைய அப்பாயியும்தான். பேச்சில் அவனுக்குக் குறையே இல்லை. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை எல்லா ஸ்டேஷன் பெயரையும் வரிசையாகச் சொல்வான், கேட்டால் பதுளையிலிருந்து திருப்பியும் சொல்வான். பட்டிப்பொல 6,226 அடி, நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அதுதான் என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பிடித்துவைத்துச் சொல்வான். கொப்பியைத் திறந்தால் வேறு பிள்ளை. ஒரு வரி எழுதுவதற்குள் பென்சிலைக் கடிப்பான், எழும்புவான், தண்ணீர் குடிப்பான், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எழுதினாலும் பாதி எழுத்து மாறிக் கிடக்கும். நேற்றுச் சரியாக எழுதிய சொல் இன்றைக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வரும், சனிக்கிழமை ஒரு நாளும் வந்ததில்லை.

வகுப்பில் முழங்காலில் நிற்க வைக்கிறார்களாம், அவன் சொல்லவில்லை, பக்கத்துக் காம்பரா பிள்ளை சொல்லித்தான் தெரியும். போன வாரம் கூப்பிட்டு, "புலமைப்பரிசில் பரீட்சைக்கு இவனை அனுப்ப வேண்டாம், 70 புள்ளி எடுக்க மாட்டான், பாடசாலையின் சதவீதம் குறையும்" என்றார்கள். இன்னொரு மிஸ், "விசேட கல்வி அலகு இருக்கிற ஸ்கூலில் போட்டுவிடுங்கள்" என்கிறார், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பாம். அப்பாயி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். நாத்தனார் போனில் எதையோ பார்த்துவிட்டு ஓட்டிசம் என்கிறார், அவர் மகள் இல்லை ஏ.டி.எச்.டி என்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டொக்டரிடம் போக வேண்டுமா? போனால் எங்கே போவது? ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், அதைவிடப் பயம், ஒரு தடவை கடுதாசியில் எழுதிவிட்டால் ஆயுசுக்கும் "பைத்தியம்" என்று பெயர் விழுந்துவிடுமோ என்பது. வீட்டுப்பாடம் செய்ய வைக்கிறேன் என்று போன கிழமை அகப்பைக் காம்பால் அடித்துவிட்டேன். இரவு தூக்கத்தில் ஸ்டேஷன் பெயர் சொல்லி அழுதான். அதுதான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.


கொட்டகலை டீச்சர்:

மகள், 31 வருஷம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்து இது இன்னது என்று நான் சொல்ல மாட்டேன், யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். ஆனால் இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் இருந்தான். பாதிப் பேரை நானே "சோம்பேறி" என்று சொல்லியிருக்கிறேன், அது இப்போது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

டொக்டரிடம் போகத்தான் வேண்டும். முதல் காரணம், கண்ணும் காதும். கரும்பலகை தெரியாத பிள்ளை எழுத மாட்டான், ஒரு காது மந்தமாக இருந்தால் சொல்வதெழுதல் முழுக்கப் பிழையாகத்தான் வரும். இரத்தச் சோகை இருந்தாலும் பிள்ளை சோர்ந்துபோய்க் கவனமில்லாமல் இருக்கும், நம் பக்கத்தில் அது குறைவா என்ன. அப்புறம் ஒன்று, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான் என்றீர்களே, அந்த நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டால் திரும்புகிறானா என்று பாருங்கள். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை நடுவில் நடுவில் பத்து விநாடி அப்படியே நின்றுவிடுவாள், தொட்டாலும் தெரியாது, கனவு காண்கிறாள் என்று இரண்டு வருஷம் ஏசினோம். கடைசியில் அது வலிப்பில் ஒரு வகை, மருந்தில் சரியானது.

இதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் மற்றது. நன்றாகப் பேசுகிற, யோசிக்கிற பிள்ளைக்கு எழுத்து மட்டும் பிடிபடாமல் இருப்பதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். கவனத்தை ஓரிடத்தில் பிடித்துவைக்க முடியாமல், உட்கார முடியாமல் இருப்பது ஏ.டி.எச்.டி. ஓட்டிசம் என்பது ஆட்களோடு பழகுகிற விதம், சத்தம் வெளிச்சம் உடம்பில் படுகிற விதம், ஒரே விஷயத்தில் ஆழமாகப் போகிற விதம் எல்லாம் சேர்ந்தது. ஸ்டேஷன் பெயர் தெரிந்ததை மட்டும் வைத்து ஓட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு சேர்ந்தும் வரும், ஒருவருக்கு வருவது மாதிரி இன்னொருவருக்கு வராது. எதுவும் பைத்தியம் இல்லை, பிள்ளை வளர்ப்பில் நீங்கள் செய்த பிழையும் இல்லை.

தமிழ் எழுத்தில் இப்படியான பிள்ளை எங்கே விழுகிறது என்று சொல்கிறேன், கொப்பியை எடுத்துப் பாருங்கள். "கெ" என்று சொல்லும்போது க் முன்னால் வருகிறது, எ பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. "கொ" என்றால் இன்னும் மோசம், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் க. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, இரண்டு சுழியா மூன்று சுழியா, ல ள ழ, ர ற, இதெல்லாம் மற்றப் பிள்ளைகளும் மாற்றுவார்கள்தான், ஆனால் தரம் 3க்குள் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்துவிடுவார்கள். உங்கள் மகன் இன்னும் அங்கேயே நிற்கிறான் என்றால், சோம்பேறித்தனத்தால் யாரும் இப்படி ஒரே இடத்தில் விழுவதில்லை.

எங்கே போவது: தோட்டத்து டிஸ்பென்சரியிலோ மிட்வைப் மிஸ்ஸிடமோ சொல்லுங்கள், பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறுபிள்ளை டொக்டரின் கிளினிக். உங்களுக்கு நுவரெலியா, இல்லாவிட்டால் டிக்கோயா கிளங்கன். அங்கிருந்து தேவைப்பட்டால் சிறுவர் மனநல கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள், அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கவனம், படிப்பு, பழக்கவழக்கம் எல்லாம் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. போகும்போது இரண்டு மூன்று கொப்பி, தரம் 1 முதல் தேர்ச்சி அறிக்கை, சின்ன வயதுக் கிளினிக் புத்தகம், அதோடு எந்த வயதில் பேசினான், எப்போது எதைச் செய்ய மறுக்கிறான் என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் முன்னால் நின்றால் நமக்கு எல்லாம் மறந்துவிடும்.

பரீட்சை விஷயம். புலமைப்பரிசில் கட்டாயமான பரீட்சை இல்லை, அதேநேரம் சதவீதம் குறையும் என்று ஒரு பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எழுதுவதா விடுவதா என்று நீங்களும் அவனும் முடிவெடுங்கள். பிறகு சாதாரண தரப் பரீட்சை வரும்போது டொக்டர் அறிக்கையோடு பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பித்தால் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் மாதிரியான வசதிகள் கொடுக்கும். கடுதாசிக்குப் பயப்படுகிறீர்கள், அந்தக் கடுதாசிதான் அன்றைக்கு அவனுக்குக் கைகொடுக்கும்.

விசேட அலகுக்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம், அங்கே போன பிள்ளை திரும்பி வருவதில்லை. முழங்காலில் நிற்க வைப்பது 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே தடை. அதிபரிடம் தனியாக, சண்டை போடாமல், ஆனால் எழுத்தில் கொடுங்கள்.


பழைய ஆள்:

எங்கள் காலத்தில் இந்த நோயெல்லாம் கிடையாது. பிரம்பு இருந்தது, எல்லோரும் படித்தோம். இப்போது அதட்டினாலே டொக்டர், கிளினிக், ஆங்கிலத்தில் ஒரு பெயர். பிள்ளைக்குச் செல்லம் கூடிவிட்டது தங்கச்சி, அவ்வளவுதான்.


சிங்கமலை மெக்கானிக்:

ஐயா, எல்லோரும் படிக்கவில்லை. படிக்காதவர்கள் தரம் 6லேயே நின்றுவிட்டார்கள், அதனால் உங்கள் கண்ணில் படவில்லை. அதில் நான் ஒருவன்.

இதை நான் போனில் பேசி எழுதுகிறேன், கையால் தட்டினால் இரண்டு வரிக்கு ஒரு மணித்தியாலம் போகும். ல, ள பிழை இருந்தால் அது போனின் பிழை, என்னுடையது இதைவிட மோசமாக இருக்கும். எனக்கு டிஸ்லெக்சியா என்று தெரிந்தது 26 வயதில், அதுவும் என் மகளுக்குப் பார்க்கப் போன இடத்தில். இது பரம்பரையாகவும் வரும் என்று அங்கேதான் சொன்னார்கள், என் அப்பாவும் சம்பளத் துண்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பிரம்படி நிறைய வாங்கினேன் ஐயா, ஒரு எழுத்தும் ஏறவில்லை, கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே உள்ளங்கை வியர்க்கிறது மட்டும் இன்றைக்கும் போகவில்லை. அதே கை என்ஜினைக் கழற்றிப் பூட்டும், எந்த நட் எங்கே என்று எழுதிவைக்கத் தேவையில்லை.

அக்கா, உங்களிடம் ஒரு தங்கச் சுரங்கம் இருக்கிறது, அது அந்த ஸ்டேஷன் பெயர்கள்தான். என் மகளுக்கு நான் கோழிக்குஞ்சுப் பெயர்களை வைத்துச் செய்தேன், உங்கள் மகனுக்கு ரயில் இருக்கிறதே. யோசித்துப் பாருங்கள்: "நானு ஓயா" என்பதில் ந வருகிறது, அடுத்ததே ன வருகிறது. "பண்டாரவளை"யில் மூன்று சுழி ண, அப்புறம் ள. "தலவாக்கலை"யில் இரண்டு தடவையும் ல. "அம்பேவெல" என்று எழுதினால் இரட்டைக் கொம்பும் ஒற்றைக் கொம்பும் ஒரே சொல்லில். எல்லாவற்றுக்கும் ராஜா "கொழும்பு கோட்டை", கொ, ழு, கோ மூன்றும் அங்கேயே நிற்கிறது. டீச்சர் சொன்ன அத்தனை பொறியும் அந்தப் பாதையில் இருக்கிறது, பிள்ளைக்கு அந்தச் சத்தங்கள் ஏற்கனவே வாயில் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் ஒட்ட வேண்டும்.

பழைய கலண்டர் அட்டையை வெட்டி ஒரு அட்டைக்கு ஒரு ஸ்டேஷன், பெரிய எழுத்தில். குழப்புகிற எழுத்து மட்டும் சிவப்பில். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்டேஷன், பேராசைப்பட வேண்டாம். சுளகில் கோதுமை மாவைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், எழுதும்போது வாயாலும் சொல்ல வேண்டும், பிழைத்தால் கையால் தட்டினால் போயிற்று, கொப்பி மாதிரிச் சிவப்புப் புள்ளடி நிற்காது. அந்தப் புள்ளடிதான் என்னைக் கொன்றது. பத்து நிமிஷம் ஆனதும் அவன் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் தானாக வருவான்.


லிந்துலை அம்மா:

தம்பி, வாசித்துவிட்டு அழுதுவிட்டேன், இன்றைக்கே அட்டை வெட்டுகிறேன். டீச்சர், கூப்பிட்டுப் பார்த்தேன், சுவரைப் பார்க்கும்போது தொட்டால் உடனே திரும்புகிறான், "அம்மா நான் சுரங்கத்துக்குள்ளே இருந்தேன்" என்கிறான். அது வலிப்பு இல்லைதானே? இன்னொன்று, இவனுக்கு மாத்திரை கொடுப்பார்களா? தூங்கிக்கொண்டே இருப்பான், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது என்று லயத்தில் பயமுறுத்துகிறார்கள்.


கிளினிக் நர்ஸ்:

தொட்டதும் திரும்பி, நடந்ததைச் சொல்கிறான் என்றால் நல்ல அறிகுறிதான், ஆனாலும் டொக்டரிடம் சொல்லுங்கள், முடிந்தால் போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

மாத்திரை பற்றி. எழுத்துச் சிக்கலுக்கு மாத்திரையே கிடையாது, அப்படி யாராவது விற்றால் ஓடிவிடுங்கள். ஓட்டிசத்தையும் மாத்திரை மாற்றாது. ஏ.டி.எச்.டி என்று முடிவானால், அதுவும் படிப்பையும் வீட்டையும் நிறையப் பாதிக்கிறது என்றால்தான் மெதைல்பெனிடேட் மாதிரி ஒன்றைப் பற்றிப் பேசுவார்கள். அது தூங்க வைக்கிற மருந்து இல்லை, சொல்லப்போனால் பின்னேரம் கொடுத்தால் இரவில் தூக்கம் பிந்தும். சாதாரண வகை சில மணித்தியாலத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். பசி குறையும், அதனால் காலைச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை, ஒவ்வொரு கிளினிக்கிலும் எடை, உயரம், நாடித்துடிப்பு, பிரஷர் பார்ப்போம். டொக்டர் சொன்ன அளவில் எடுத்தால் நீங்கள் பயப்படுகிற மாதிரி அடிமையாக மாட்டான். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வரலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது, கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.


பண்டாரவளை அப்பா:

டீச்சர் சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. என் மகனுக்கு ஏழு வயது, ஓட்டிசம், பேச்சு குறைவு. சாதாரண வகுப்பில் 38 பிள்ளைகளோடு ஒரு தவணை வைத்திருந்தோம். காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழேயே இருந்தான், ஒரு பாடசாலை இந்தப் பிள்ளையை எடுக்கவே முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது. (1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்காமல் விட முடியாது என்கிறது, அது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.) இப்போது விசேட அலகில் ஒன்பது பிள்ளைகள், மிஸ் படம் காட்டிப் பாடம் சொல்கிறார், சித்திரத்துக்கும் விளையாட்டுக்கும் மற்ற வகுப்போடு போகிறான். அவனுக்கு அது சரி. உங்கள் மகனுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை தங்கச்சி, அவனுக்குத் தேவை சாதாரண வகுப்பில் கொஞ்சம் வேறு மாதிரிப் படிப்பிப்பது. ஆனால் அலகு என்றாலே குப்பைத்தொட்டி மாதிரிப் பேசுவது எங்கள் பிள்ளைகளுக்கு வலிக்கும்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆலோசனை எழுதுகிற எல்லோரும் "பிள்ளைக்கு அமைதியான அறை கொடுங்கள்" என்று எழுதுகிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கிற இடத்தில் எந்த அறையைக் கொடுப்பது? நாங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய கம்பளியை விரித்து, முன்னால் சேலையைத் தொங்கவிட்டோம். அது அவனுடைய வீடு, உள்ளே போனால் யாரும் கூப்பிடக் கூடாது, சாப்பாட்டுக்குக்கூட. தகரக் கூரையில் மழை இறங்கும்போது அங்கேதான் போவான். கோயில் திருவிழாவுக்குத் தப்பு மேளம் அடிக்கும்போது காதில் பஞ்சு வைத்து மேட்டு லயத்துக்குக் கூட்டிப் போய்விடுவேன், சாமி கோபிக்காது. ஸ்வெட்டர் போட மாட்டான் என்று குளிரில் நடுங்கிக்கொண்டு போனான், எத்தனை அடி வாங்கினான் அதற்கு. கம்பளி உடம்பில் குத்துகிறது என்று சொல்ல அவனுக்குச் சொல் இல்லை. உள்ளே முழுக்கை பருத்திப் பனியன் போட்டு, கழுத்து லேபலை வெட்டியதும் அந்தச் சண்டை முடிந்தது. காலையில் செய்ய வேண்டியதை நாலு படமாகக் கீறி முன் திண்ணையான இஸ்தோப்பின் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பல் தீட்டுவது, ரொட்டி, சப்பாத்து, பை. நான் வாய் திறக்கத் தேவையில்லை, அவனே பார்த்துச் செய்கிறான்.


கொட்டகலை டீச்சர்:

தம்பி சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். நான் பார்த்த அலகுகள் சிலவற்றில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கலர் தீட்டக் கொடுத்ததோடு சரி, அந்தக் கோபத்தில் எழுதினேன். மகள், யாராவது அலகு என்று சொன்னால், அங்கே என்ன படிப்பிக்கிறீர்கள், எந்தப் பாடத்துக்கு மற்ற வகுப்போடு சேர்ப்பீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்கென்று ஒருவர் இருப்பார், அவரையும் பாருங்கள்.

வகுப்பு மிஸ்ஸிடம் பெரிதாக எதையும் கேட்காதீர்கள், பாவம் அவருக்கும் 40 பிள்ளை. முன் வரிசையில் இடம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைப் பாதியாகக் குறைப்பது, சுற்றாடல் பாடத்தில் வாயால் பதில் கேட்பது, சோக் கட்டி எடுத்து வரும் வேலையை அவனுக்குக் கொடுப்பது, ஒரு நடை நடந்து வந்தால் அடுத்த பதினைந்து நிமிஷம் உட்காருவான். இந்த நாலும் காசு செலவில்லாதது.


பதுளை அக்கா:

எல்லோரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள், குமர்ப்பிள்ளைகளுக்கும் இது உண்டு. என் தங்கச்சிக்கு 15. தரம் 8 வரை "அமைதியான நல்ல பிள்ளை" என்றுதான் எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்யாததால் அவளை யாரும் கவனிக்கவே இல்லை. சாதாரண தரத்துக்குப் பாடம் கூடியதும் எல்லாம் சரிந்தது. காலையில் ஒரு சப்பாத்து கிடைக்காது, செய்த வீட்டுப்பாடம் பைக்குள் கசங்கிக் கிடக்கும், கொடுக்க மறந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு வீட்டு வாசலில் கால் வைத்ததும் பையை எறிந்து அழுவாள், அம்மா "எங்களைக் கண்டால்தான் உனக்குத் திமிரா" என்பார். பிறகுதான் விளங்கியது, பகல் முழுக்க அடக்கிவைத்ததை இறக்கி வைக்க அவளுக்கு வீடு மட்டும்தான் இருந்தது. டொக்டர் ஏ.டி.எச்.டி என்றார், பெண்பிள்ளைகளுக்கு இப்படித் துள்ளாமல் கனவில் இருக்கிற மாதிரி இருப்பதால் பிந்தித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

இதற்கு நடுவில் ஒரு மாமி, படிப்பு ஏறாத பிள்ளையை ஏன் வைத்திருக்கிறீர்கள், கொழும்பில் நல்ல வீடு ஒன்று இருக்கிறது, பிள்ளை பார்க்கிற வேலைதான் என்று வந்தார். அம்மாவும் அரை மனதில் தலையாட்டிவிட்டார். 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம், வேலைக்கு வைக்கிற வயதையும் 2021இல் 16 ஆக்கிவிட்டார்கள், 1929க்கு ஒரு கோல் எடுத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குப் போகும் என்று நான் சொன்னதும் மாமி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழும்பிப் போனார். இன்னும் என்னோடு பேச மாட்டார், நிம்மதி.

எங்களுக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். அவள் படிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து என் தையலைத் தைப்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன், ஒன்றும் சொல்ல மாட்டேன், சும்மா ஒரு ஆள் பக்கத்தில். தனியாக விட்டால் பத்து நிமிஷம், நான் இருந்தால் முக்கால் மணித்தியாலம். அப்புறம் டொக்டரிடம் அவளே பேசட்டும் என்று விட்டோம். சிநேகிதிகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதையும் அவளிடமே விட்டோம், ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அவள் தினமும் "வீட்டுப்பாடத்தைக் கொடுத்தியா" என்று கேட்கிறாளாம்.


லிந்துலை அம்மா:

மூன்று கிழமை கழித்து வருகிறேன். அரைப் பேரோடு ஒரு நாள், முழு நாள் ஒன்று, ஆக ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போயாகிவிட்டது. காது சரி, கண்ணில் கொஞ்சம் குறை, கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். இரத்தம் கொஞ்சம் குறைவு, இரும்புச்சத்துப் பாணி கொடுத்திருக்கிறார்கள். டொக்டர் கொப்பியைப் பார்த்துக் கனநேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அவனிடம் ரயிலைப் பற்றிக் கேட்டார், அவன் விட்டால் வாட்டை விட்டே வந்திருக்க மாட்டான். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, ஒரு தாதி மிஸ் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். இன்னும் இதுதான் என்று பெயர் வைக்கவில்லை, அடுத்த மாதம் பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள்.

அதிபரிடம் எழுத்தில் கொடுத்தேன், கை நடுங்கியது. அவர் முகம் ஒரு மாதிரித்தான் போனது, ஆனால் முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். முழங்காலில் நிற்பது நின்றுவிட்டது. சோக் எடுத்து வருகிற வேலை இப்போது அவனுடையது, அதற்காகவே திங்கட்கிழமை எழும்புகிறான், வயிற்றுவலி ஒரு தடவைதான் வந்தது. பரீட்சை எழுதுவேன் என்கிறான், எழுதட்டும். அப்பாயியின் கயிறு கையில் அப்படியே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அவரும் இப்போது சுளகில் மாவு பரப்பிக் கொடுக்கிறார், மாவு வீணாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே.

தம்பி, பதினொரு ஸ்டேஷன் ஆகிவிட்டது. நேற்று இஸ்தோப்புச் சுவரில் கரித்துண்டால் தானாக எழுதியிருக்கிறான், "கொளும்பு கோட்டை". ழ வரவில்லை. கொவும் கோவும் சரி. அவன் அப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், கடையில் எல்லோருக்கும் காட்டினாராம்.

பேராதனைக்கு ரயிலில்தான் போவது என்று முடிவு. அவனுக்கு டொக்டர் ஞாபகமே இல்லை, தலவாக்கலையில் ஏறுவதைப் பற்றி மட்டும்தான் பேச்சு.


சிங்கமலை மெக்கானிக்:

அக்கா, "கொளும்பு" என்று நான் போன கிழமை ஒரு பில்லில் எழுதினேன், லொறிக்காரர் காசு தந்துவிட்டுத்தான் போனார்.

வலது பக்கமோ இடது பக்கமோ, ஜன்னல் சீட் அவனுக்கு. கொட்டகலை தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும், நல்ல நீளம், இருட்டில் பயந்துவிடப் போகிறான் என்று நீங்கள்தான் பயப்படுவீர்கள், அவன் பயப்பட மாட்டான். கையில் ஒரு சின்னக் கொப்பியைக் கொடுத்துவிடுங்கள், வழியில் கலபொடையில் ல வருகிறது, கம்பளையில் ள வருகிறது, போர்டைப் பார்த்து அந்த இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு வரட்டும். மற்றதெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.